சிட்டி கவுன்சிலுக்கு நிற்கும் வக்கீலும் அவருக்காக ஓடும் நம்மவர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் சிறிய நகரங்களில் கவுன்சில் தேர்தலுக்கு நிற்பவர்களுக்குப் பொருளாளராக இருந்து கணக்கு எழுதுவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் இப்போது ஆட்கள் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிற்காதவர்கள் நிற்பவருக்காக வேலை செய்ய வருகிறார்கள். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புதுக் குழுவும் முந்தைய குழு விழுந்த அதே குழியில் போய் விழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அண்மையில் ஒரு வேட்பாளரின் முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து சட்டம் படித்தவர். ஊரில் நல்ல பெயர் உள்ள வக்கீல். கூட்டம் முடிவதற்குள் பழைய தவறுகள் எல்லாமே திட்டமாகப் பேசப்பட்டுவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மனுவைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள், பெயரைப் பிழையில்லாமல் அச்சிடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

சீருடைப் படத்தைப் பெரிதாகப் போடுவது

வேட்பாளர் ராணுவத்தில் இருந்தவர் என்றால் ஆர்வலர்கள் முதலில் தேடுவது சீருடை அணிந்த பழைய படத்தைத்தான். அதை ஃபிளையரின் முகப்பில் முழுப் பக்கத்துக்குப் போட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இதற்கு விதி இருக்கிறது. ரிசர்வ் படையில் இருப்பவர்களும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் பிரசாரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பாதுகாப்புத் துறையின் 1344.10 என்ற ஆணை சொல்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளது 2008-இல் வந்தது. சீருடைப் படத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் ராணுவம் சாராத மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான். அதுவே பிரதானப் படமாக இருக்கக் கூடாது. பாதுகாப்புத் துறை இவரை ஆதரிப்பதாக அர்த்தமில்லை என்ற வரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பொடி எழுத்தில் ஓரத்தில் ஒளித்துவைக்கக் கூடாது. சீருடை அணிந்துகொண்டு பிரசாரத்துக்குக் கிளம்புவது கூடவே கூடாது.

ஓய்வூதியமோ ரிசர்வ் பொறுப்போ இல்லாமல் முற்றிலும் விலகியவர்களும் இதையே பின்பற்றுவது நல்லது. முன்னாள் படைவீரர்களே இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர்கள். அவர்களுடைய சங்கமான அமெரிக்கன் லீஜன், தான் அரசியல் சார்பற்ற அமைப்பு என்று தன் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அங்கே போய் லீஜன் தொப்பிகளோடு குழுப்படம் எடுத்துப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினால், ஆதரவு தர வேண்டியவர்களே முகம் சுளிப்பார்கள்.

மத்திய அரசு வேலையில் இருந்துகொண்டே நிற்பது

மத்திய அரசு ஊழியர்களின் அரசியல் ஈடுபாட்டுக்கு வரம்பு வைக்கும் ஹேட்ச் சட்டம் 1939-இலிருந்து இருக்கிறது: கட்சிப் பெயரோடு நடக்கும் தேர்தல் என்றால் நிற்க முடியாது, கட்சி சாராத தேர்தல் என்றால் நிற்கலாம். உங்கள் நகரத் தேர்தல் எந்த வகை என்று முதல் நாளே பாருங்கள்.

வழக்குக் கதைகள்

வழக்குக்காக உங்களிடம் வந்த கட்சிக்காரரின் கதையை அவர் அனுமதி இல்லாமல் வாக்காளர் வீட்டு வாசலில் சொல்லாதீர்கள், பெயரை மாற்றியும் வேண்டாம்.

"லோக்கல் எலெக்‌ஷன்தானே" என்று வாங்கும் பணம்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வேட்பாளருக்காக நண்பர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் நிதி திரட்டும் விருந்து வைத்தார். கிரிக்கெட் குழு, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், அலுவலக நண்பர்கள் என்று நல்ல கூட்டம். "நம்ம ஆள் முதல் தடவையா நிக்கிறார், நாம கொடுக்காம யார் கொடுப்பா?" என்று ஆளுக்கு ஆள் செக் எழுதினார்கள். அன்பாகக் கொடுத்த பணம், அதில் சந்தேகமே இல்லை. நான் அந்தக் குழுவுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். செக்குகளின் பட்டியலைப் பார்த்ததும் கேட்டேன்: "இதில் எத்தனை பேர் சிட்டிசன்? எத்தனை பேர் கிரீன் கார்டு?" அறையில் யாரும் பேசவில்லை. பட்டியலில் எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்களில் இருப்பவர்கள் இருந்தார்கள், எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் மனைவியின் பெயரில் ஒரு செக், மாணவர் விசாவில் இருக்கும் ஒரு தம்பி கொடுத்ததும் இருந்தது.

வேட்பாளர் வக்கீல். அவர் சொன்ன பதில் இது: "வெளிநாட்டவர் பணம் வாங்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். நாம் நிற்பது நகரத் தேர்தல். நமக்கு மாநில விதிதான்."

ஒரு வக்கீலே இப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. அதன் பிறகும் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வக்கீல்கள் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நன்கொடை வரம்பு, அறிக்கை கொடுக்கும் நாள் ஆகியவற்றுக்கு மாநில, நகர விதிகள்தான். அதனால் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டவர் பணத்துக்கான தடை அப்படி இல்லை. 2002-இல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவு மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கொடுக்கலாம். மற்ற விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும், சொந்த வீடே வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை. கொடுப்பது மட்டுமல்ல, கேட்பதும் வாங்குவதும் தவறு.

இந்தத் தடை செல்லாது என்று வழக்குப் போட்டும் பார்த்தார்கள். கனடாவைச் சேர்ந்த புளூமன் என்பவர் தற்காலிக விசாவில் நியூயார்க்கில் வேலை பார்த்தவர். அவரும் வக்கீல்தான். தான் ஆதரிக்கும் வேட்பாளர்களுக்குப் பணம் கொடுக்கவும், சொந்தச் செலவில் ஃபிளையர் அடித்துக் கொடுக்கவும் உரிமை கேட்டார். 2011-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் மறுத்துவிட்டது. தீர்ப்பை எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் பிரெட் கேவனா. 2012-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைகூட நடத்தாமல் அதை உறுதிசெய்தது. ஆக இதில் வாதாடிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

அந்தக் குழுவுக்கு என்ன ஆனது என்றால், பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டு வாசலில் நடும் யார்ட் சைன் பலகைகளாக அச்சடிக்கப்பட்டுவிட்டது. திருப்பிக் கொடுக்க வேட்பாளர் கைக்காசைப் போட்டார். நன்கொடை அறிக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணம், எதிர்த் தரப்பும் பார்த்தது. வீடு வீடாகப் போக வேண்டிய கடைசி வாரங்களில் அவர் நிருபர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சில தெருக்களின் வாக்கே முடிவை மாற்றும் தேர்தல் அது. தோற்றுப்போனார்.

அதைவிட எனக்கு வருத்தம் கொடுத்தது வேறு. செக் கொடுத்தவர்களில் ஒருவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. விஷயம் வெளியே வந்ததும் அந்தக் குடும்பம் நடுங்கிப்போனது. குடியேற்ற வக்கீலிடம் ஓடி, கொடுத்த நன்கொடையைவிடப் பல மடங்கு செலவழித்தார்கள். அவர் செய்த தவறு, நண்பர் கேட்டார் என்று கொடுத்தது மட்டும்தான். கேட்டவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கேட்டவர் வக்கீல்!

என்ன செய்யலாம்? நன்கொடைப் படிவத்திலேயே "நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்" என்ற கட்டத்தை வையுங்கள். அதில் டிக் அடிக்காத பணத்தை வங்கியில் போடாதீர்கள். விருந்துக்கான அழைப்பிலேயே இதை எழுதிவிட்டால் யாரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள், விசா நிலவரம் தெரியாதவர்களா நாம்? கூட்டத்தில் பெட்டி வைத்துப் பணம் போடச் சொல்லாதீர்கள். "நீ சிட்டிசன், உன் பெயரில் செக் கொடு, நான் உனக்குப் பணம் தந்துவிடுகிறேன்" என்பது இன்னும் மோசம். அறியாமை என்று சொல்லித் தப்ப வழியிருந்த விஷயம் அந்த நொடியில் மறைப்பாக மாறிவிடுகிறது.

விசாவில் இருப்பவர்களை ஒதுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் சம்பளம் வாங்காமல் வாலன்டியராக வரலாம், கதவு தட்டலாம், போன் செய்யலாம். நான் பார்த்த மிகச் சிறந்த வாலன்டியர்களில் பலர் வாக்குரிமையே இல்லாதவர்கள். ஆனால் எந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை உட்கார வைக்கக் கூடாது. அப்புறம், "பேனருக்கு நான் பார்த்துக்கறேன் அண்ணே" என்று சொல்லும் தம்பிக்கு அன்போடு வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் நன்கொடைதான்.

சங்க மேடை

பெரும்பாலான தமிழ்ச் சங்கங்கள் 501(சி)(3) என்ற பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். 1954-இலிருந்து இப்படிப்பட்ட அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. மீறினால் வரிவிலக்கே போய்விடலாம். பொங்கல் விழாவில் "நம் வேட்பாளருக்கு வாக்களியுங்கள்" என்று செயலாளர் மைக்கில் சொல்வதும், சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலுக்குப் பிரசாரக் கடிதம் அனுப்புவதும் இதில் அடங்கும். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாதிரி அழைத்துக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி நடத்தலாம். செயலாளர் தனி மனிதராகத் தன் வீட்டு வாசலில் யார்ட் சைன் நடலாம்.

வாக்காளர் பதிவு மேசை

கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை கொடுக்கலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்வத்தில் ஒருவரிடம் படிவத்தை நீட்டிவிடுகிறார்கள். அதில் "நான் குடிமகன்" என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டால், 1996-இல் வந்த சட்டப்படி அது நாடு கடத்தும் அளவுக்குக் கொண்டுபோய் விடக்கூடிய விஷயம். மேரிலாந்தின் டகோமா பார்க் போல நகரத் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவர்களையும் வாக்களிக்க விடும் ஊர்கள் மிகச் சில. உங்கள் ஊர் அதில் ஒன்று என்று உறுதியாகத் தெரியாவிட்டால், படிவத்தைக் கொடுக்கும் முன் கேளுங்கள்.

மெயில்பாக்ஸ்

தபால்தலை ஒட்டாத ஃபிளையரை மெயில்பாக்ஸில் போடுவது ஃபெடரல் குற்றம்; கதவு இடுக்கில் செருகுங்கள்.

வாசலில் வாதாடுவது

கொள்கைப் பிரசாரத்துக்காகக் கதவு தட்ட நகராட்சியிடம் முன்அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் வேட்பாளருக்கு இது நன்றாகவே தெரியும். ஒருமுறை, "இங்கே யாரும் வரக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறேனே" என்று கோபப்பட்ட ஒரு பாட்டியிடம் வேட்பாளர் அந்தத் தீர்ப்பை விளக்க ஆரம்பித்தார். கூட இருந்த நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். முன்அனுமதி விஷயத்தில் சட்டம் வேட்பாளர் பக்கம்தான், போர்டு விஷயத்தில் இல்லை. வாக்கு போனது போனதுதான், பக்கத்து வீட்டு வாக்கும் சேர்ந்து போயிருக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். வாக்காளர் அவரிடம் எதிர்பார்ப்பது, சாக்கடை அடைப்பையும் தெருவிளக்கையும் பற்றிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வதைத்தான்.

கணக்கை மூடாமல் விடுவது

தேர்தல் முடிந்த மறுநாளே குழு கலைந்துவிடும். தோற்றுவிட்டால் யாருமே போனை எடுப்பதில்லை. ஆனால் பல மாநிலங்களில் தேர்தல் குழுவை முறைப்படி முடித்துவைக்கும் வரை அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வரவு செலவு பூஜ்யமாக இருந்தாலும். கொடுக்காவிட்டால் தாமத அபராதம் ஏறும். மீதிப் பணத்தை என்ன செய்யலாம் என்பதற்கும் விதி உண்டு. அதை வேட்பாளர் தன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது. இதையெல்லாம் முடித்து, முடிவறிக்கை ஏற்கப்பட்டதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு வங்கிக் கணக்கை மூடுங்கள்.