எண்ணூர்க் கடலில் நச்சுப் பாசியைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் முகத்துவாரத்து நீர்ப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, இனி நச்சுப் பாசி பெருகும் என்று முடிவுகட்டுவதே அடிக்கடி நிகழும் தவறு. சத்துகளின் அளவோடு அவற்றின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். கடல் நுண்பாசிகள் சராசரியாக 16 நைட்ரஜன் அணுக்களுக்கு 1 பாஸ்பரஸ் அணு என்ற கணக்கில் சத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றில் டயட்டம்கள் என்ற வகைக்கு ஓடு கட்டிக்கொள்ள, ஏறத்தாழ நைட்ரஜன் அளவுக்குச் சிலிக்காவும் தேவை. வடசென்னையின் சாக்கடை நீர் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தாராளமாகச் சேர்க்கிறது. சிலிக்காவோ பாறையும் மண்ணும் கரைந்து கொசஸ்தலையாறு போன்ற ஆறுகளின் வழியே வரவேண்டியது, அதிலும் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடக்கூடும். சிலிக்கா தீர்ந்ததும் டயட்டம்கள் பின்வாங்க, அது தேவைப்படாத, நீந்தக்கூடிய நுண்ணுயிர்களான டைனோபிளாஜெல்லேட்டுகளுக்கு இடம் கிடைக்கிறது. கடலின் நச்சுப் பாசிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. சிலிக்கேட் (நீரில் கரைந்த சிலிக்கா) அளவு இல்லாத அறிக்கை, என் பார்வையில், பாதி அறிக்கைதான்.

பாசியின் வளர்ச்சியையும் நச்சையும் ஒன்றாக எண்ணுவது இதைவிட ஆபத்தானது. அலெக்சாண்ட்ரியம் என்ற டைனோபிளாஜெல்லேட்டு உண்டாக்கும் சாக்சிடாக்சின் என்ற நரம்பு நச்சின் ஒரு மூலக்கூறில் 7 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. பாஸ்பரஸுக்குத் தட்டுப்பாடு வந்து, செல்கள் பிரிவது மந்தமாகி, நைட்ரஜன் மிஞ்சி நிற்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு செல்லிலும் நச்சு ஏறுகிறது. நைட்ரஜன் குறைந்தால் நச்சும் குறைகிறது. சூடோநிட்சியா என்ற டயட்டமும் சிலிக்காவோ பாஸ்பரஸோ தீரும் தறுவாயில்தான் டோமோயிக் அமிலம் என்ற தன் நச்சை மிகுதியாக உண்டாக்குகிறது. அதற்கு வெளிச்சமும் வேண்டும். ஆகவே பெருக்கம் நின்றுவிட்டது என்பதாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறு. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் சேற்றையும், கழிமுகத்தில் படிந்துள்ள அனல்மின் நிலையச் சாம்பலையும் கலக்கிவிடும்போது, சத்து நிறைந்திருந்தாலும் பாசியால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. மண்டி படிந்து நீர் தெளியும் நாள்களையே உற்றுக் கவனிக்க வேண்டும். உச்சி வெயிலில் மேல்நீரை மட்டும் ஒரு குப்பியில் மொண்டுவருவதும் போதாது. டைனோபிளாஜெல்லேட்டுகள் பல, பகலில் வெளிச்சத்துக்காக மேலே வந்து, இரவில் சத்துக்காகக் கீழே இறங்குகின்றன. வெயில் கடுமையானால் பகலிலேயே சற்று ஆழத்துக்குச் செல்வதும் உண்டு. எனவே ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களிலும் வேளைகளிலும் நீர் எடுக்க வேண்டும்.

நிறத்தை நம்புவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் நீலமாக ஒளிர்ந்த நாக்டிலூகா என்ற டைனோபிளாஜெல்லேட்டு, மட்டியை நஞ்சாக்கும் சாக்சிடாக்சினை உண்டாக்குவதில்லை. அலெக்சாண்ட்ரியமோ கடலின் நிறம் மாறாத அளவில் இருந்தாலே, அதை உண்ணும் மட்டியில் நஞ்சு சேரப் போதும். மட்டியை நன்றாக வேகவைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் பிழையே. சாக்சிடாக்சின் கொதிநீரில் அழிவதில்லை, பாசி மறைந்து வாரங்கள் கடந்த பின்பும் மட்டியின் உடலில் தங்கியிருக்கக்கூடும்.