தாலர் வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள்

சேகரிப்பில் புதிதாக இறங்கிய தம்பி ஒருவர், ஏலத்தில் எடுத்த சாக்சனி தாலரை, அதாவது ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் அச்சான பழைய பெரிய வெள்ளிக் காசை, போன வாரம் காட்ட வந்தார். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் முன்பு ஏமாந்த அதே இடம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்று ஊரே சொல்லிவிட்டது, அதை விடுகிறேன்.

வளையத்தின் தழும்பு

என்னுடையது, 1656 வரை ஆண்ட சாக்சனி ஆட்சியாளர் முதலாம் யோகான் கேயோர்க் காலத்தில், அங்குள்ள டிரெஸ்டன் நகரில் அச்சான தாலர். தோளில் வாளைச் சாய்த்த இளவரசர், முகம் தேயவில்லை, விலையும் சகாயம். ஏலக் குறிப்பின் கடைசியில் 'ஹெங்கெல்ஷ்பூர்' என்று ஒரு சொல். ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வளையம் இருந்த தடம் என்று அர்த்தமாம்!

அங்கே தாலரைச் செலவழித்ததோடு சரி என்று விடவில்லை. சங்கிலியில் கோத்து அணிந்தும் கொண்டார்கள். காசின் விளிம்பில் பற்றவைத்த வளையத்தைப் பின்னாளில் யாராவது கழற்றி, அரம் போட்டுச் சமன் செய்துவிடுவார்கள். படத்தில் தெரியாது. எடையும் காட்டிக்கொடுக்காது: 1566-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வகுத்த அளவுப்படி தாலர் சுமார் 29.2 கிராம், என்னுடையதும் 29-ஐ ஒட்டியே நின்றது. லென்ஸ் வைத்து உருட்டிப் பார்த்தபோதுதான், தலைக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு தட்டை, பக்கத்தில் இரண்டு எழுத்து மழுங்கல், அந்த இடத்து வெள்ளி மட்டும் வேறு நிறம். விற்கப் போனால் கொடுத்ததில் பாதிகூடத் தேறவில்லை. குறிப்பில் போட்டிருந்ததால் விற்றவரோடு சண்டை போடவும் வழியில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் விளிம்பைச் சுற்றிலும், சாய்ந்த வெளிச்சத்தில் படம் கேளுங்கள். மேல்முனை மட்டும் போதாது. பின்பக்கச் சின்னம் நேராகத் தெரியும்படி வளையம் மாட்டியிருந்தால் தழும்பு வேறெங்காவது இருக்கும். படம் தராவிட்டால் அடுத்த தாலருக்குப் போங்கள்.

கீறலெல்லாம் சேதமில்லை

இணைகோடுகளாக அரத்தடம் தெரிந்தால் பதற வேண்டாம். எடை கூடிய வெற்று வெள்ளி வில்லையை அச்சிடுமுன் நாணயச்சாலையிலேயே அராவிக் குறைப்பார்கள். நான் இதைச் சேதம் என்று ஒதுக்கி, நல்ல காசு ஒன்றைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

எழுத்தைப் பார்த்து அரசரைத் தேடுவது

காசில் உள்ள தனி எழுத்தெல்லாம் அரசர் பெயர் என்று தேடாதீர்கள். டிரெஸ்டன் தாலரில் 'சி', 'ஆர்' என்று இருந்தால் அது கான்ஸ்டான்டின் ரோத்தே, 1640 முதல் 1678 வரை அங்கே நாணயச்சாலைத் தலைவர்.

1780 மரியா தெரேசா தாலர்

ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசாவின் இந்தத் தாலரை, 1780 என்ற அதே ஆண்டைப் போட்டே பிறகும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். பழசு விலை கொடுக்காதீர்கள்.