பெரிய எண் பகா எண்ணா என்று பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

31 பகா எண். 331-ம் அப்படியே. 3331, 33331, 333331, 3333331, 33333331 எல்லாமே பகா எண்கள்தான். ஏழு முறை வந்தது எட்டாவது முறையும் வரும் என்றுதானே தோன்றும்? 333333331-ஐ 17-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 19607843, மீதி பூஜ்யம்.

வரிசை அழகாகப் போகிறது என்று நம்பி ஏமாறுவதுதான் முதல் தவறு. கணித மேதை ஃபெர்மாவே இதில் விழுந்தவர். 3, 5, 17, 257, 65537 வரை பகா எண்களாக வந்ததால், அதே வாய்பாட்டில் (2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டுவது) அடுத்து வரும் 4294967297-ம் பகா எண் என்றே நினைத்தார். 1732-ல் கணித அறிஞர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

மெர்சென் எண்களில், அதாவது 2ⁿ − 1 வடிவ எண்களில், குழப்பம் வேறு மாதிரி. 2ⁿ − 1 பகா எண் என்றால் n-ம் பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் படிப்பவர்கள் நிறைய. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. எந்தெந்த n-க்கு 2ⁿ − 1 பகா எண் என்று மெர்சென் 1644-ல் தந்த பட்டியலில் 67-ம் இருந்தது. 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876-லேயே கணித அறிஞர் லூக்கா நிரூபித்தார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! ஆம், காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்லிவிட முடியும். 193707721 × 761838257287 என்ற விடையை கோல் என்ற கணித அறிஞர் தந்தது 1903-ல்.

இதே எண்ணை, அதாவது 147573952589676412927-ஐ, எக்செலில் அடித்துப் பாருங்கள். முதல் 15 இலக்கம்தான் தங்கும், மீதி ஆறும் பூஜ்யமாகிவிடும். ஒற்றைப்படை எண் கண்ணெதிரே இரட்டைப்படை ஆகிவிட்டது, அப்புறம் என்ன சோதித்து என்ன? பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மீதி பார்க்க % குறிதான்; / போட்டால் தசமமாகி அங்கேயும் இலக்கம் போய்விடும்.

சரி, ஃபெர்மா சோதனையில் (n-ஆல் வகுபடாத ஓர் எண்ணை அடிமானமாக வைத்து, அதன் n − 1 ஆம் அடுக்கை n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) தேறினால் போதுமா? போதாது. 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1, பகா எண்ணுக்கு வருவது போலவே. ஆனால் 341 = 11 × 31. 561 இன்னும் மோசம்: 3, 11, 17 இவற்றால் வகுபடாத எந்த அடிமானம் வைத்தாலும் தேறிவிடும். சோதனையில் தோற்றால் அது பகு எண், சந்தேகமே வேண்டாம். தேறினால் மில்லர்–ராபின் போன்ற கடுமையான சோதனைக்குப் போக வேண்டும்.

2024-ல் கிடைத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 41024320 இலக்கங்கள். அதை 'மிகப் பெரிய பகா எண்' என்று எழுதிவிடுகிறார்கள். தெரிந்தவற்றில்தான் பெரியது, பகா எண்களுக்கு முடிவே இல்லை. தகவலைப் பிறர் படிக்காமல் மறைக்கும் குறியாக்கத்துக்கு அது பயன்படும் என்பதும் தவறு. அங்கே தேவைப்படுவது சில நூறு இலக்கம் கொண்ட, வேறு யாருக்கும் தெரியாத பகா எண்கள்.