டி.எஸ் கொன்சோலில் முதல் இணையக் கோரிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவரும் பழைய நின்டெண்டோ டி.எஸ் லைட் என்ற கையடக்க விளையாட்டுக் கொன்சோல் வன்னியில் ஆங்காங்கே கைமாறுகிறது. சி மொழி படிக்கும் பொடியள் லப்டொப்பில் டெவ்கிட்ப்ரோ என்ற நிரல் எழுதும் கருவித்தொகுப்பை ஏற்றி, ஒரு சேர்வரிலிருந்து நாலு வரியை எடுத்து அந்தச் சின்னத் திரையில் காட்டப் பார்க்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் யார் தொடங்கினாலும் விழுவது அதே குழிகளில். லைப்ரரியை லிங்க் செய்ய மறப்பது போன்றவற்றைக் கொம்பைலரே திட்டிச் சொல்லிவிடும், அவற்றை விடுவோம்.

வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்ட்டோடு மல்லுக்கட்டுவது

டி.எஸ் லைட்டுக்கு 802.11பி என்ற பழைய வைபை முறை மட்டுமே தெரியும். பூட்டில்லாத வைபை அல்லது பழைய டபிள்யு.ஈ.பி பூட்டு, அவ்வளவுதான். இப்போதைய 4ஜி ரவுட்டரும் போன் ஹொட்ஸ்பொட்டும் டபிள்யு.பி.ஏ2 பூட்டோடு வருவதால் பாஸ்வேர்ட்டை எத்தனை முறை அடித்தாலும் ஏறாது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வேர்க் ஒன்றைப் பூட்டில்லாமல் திறந்து, சோதனை முடிந்ததும் மூடுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ், பழைய, புதிய வைபை முறைகளைச் சேர்த்து ஏற்கும் பி/ஜி/என் கலப்பு நிலை இரண்டும் கட்டாயம். ‘என் மட்டும்’ என்று வைத்திருந்தால் கொன்சோலின் கண்ணுக்கு அந்த ரவுட்டரே தெரியாது.

போர்ட் எண்ணை அப்படியே கொடுப்பது

இணையத் தளங்களின் வழக்கமான போர்ட் எண் 80. அதை வலையமைப்பின் பைட் வரிசைக்கு மாற்றும் எச்டூஎன்எஸ் (htons) ஃபங்ஷன் வழியாகக் கொடுக்காவிட்டால் பைட் வரிசை புரண்டு, கொன்சோல் 20480ஆம் போர்ட்டைத் தட்டும். அங்கே கதவு திறக்க ஆளில்லை.

ரிசீவை ஒரே முறை அழைப்பது

எரிச்சல் தருவது இதுதான். கோரிக்கையை அனுப்புவார்கள், 1024 பைட் பஃபரோடு (தற்காலிக நினைவிடம்) ரிசீவை, அதாவது வந்த பைட்டுகளை எடுத்துத் தரும் recv ஃபங்ஷனை, ஒருமுறை அழைப்பார்கள், வந்ததில் தேவையான எண்ணைத் தேடுவார்கள். தாங்களே லப்டொப்பில் எழுதிய சின்னச் சேர்வர் 300 பைட் பதிலை ஒரே தடவையில் தள்ளிவிடுவதால் அறைக்குள் எல்லாம் சரியாக ஓடும். வெளிச் சேர்வருக்குப் போனதும் சிலவேளை பாதிப் பதில், சிலவேளை பதிலின் முன்னால் வரும் விவர வரிகளான தலைப்பு மட்டும். கேட்டால் “சிக்னல் சரியில்லை அண்ணா” என்பார்கள். முல்லைத்தீவுப் பக்கம் சிக்னல்மேல் பழி போடுவது சுலபம். டொங்கிளை மாற்றுவார்கள், சிம்மை மாற்றுவார்கள், பெரிய பக்கேஜாக ரீலோட் போடுவார்கள். காசு போகும், பிழை அப்படியே இருக்கும்.

சிக்னல் பலவீனமானால் பைட்டுகள் தாமதமாகும். தொலைந்ததை, பைட்டுகளைக் கொண்டுசேர்க்கும் டி.சி.பி என்ற இணைய நெறிமுறை திரும்ப அனுப்பவைக்கும், நடுவில் ஓட்டை விடாது. ஆனால் அது தருவது பைட் ஓட்டம், எல்லை போட்ட செய்தி அல்ல. மதகடியில் எத்தனை வாளி ஊற்றினார்கள் என்று கடைமடையில் நிற்பவருக்குத் தெரியாது. ஒரு ரிசீவுக்கு 1 பைட்டும் வரலாம், 1000 பைட்டும் வரலாம். தலைப்பையும் உடலையும் பிரிக்கும் 13, 10, 13, 10 என்ற நாலு பைட்டுகூட இரண்டு ரிசீவுகளுக்கு நடுவே அறுந்து வரலாம். தமிழ் என்றால் இன்னும் மோசம். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட், ஒரு பைட் இந்தப் பக்கமும் இரண்டு பைட் அந்தப் பக்கமும் விழும்.

ஆகவே 8192 பைட் பஃபர் ஒன்றை ஸ்டாற்றிக் ஆக அறிவியுங்கள். டி.எஸ்ஸில் ஃபங்ஷனின் உள் மாறிகள் வாழும் ஸ்டாக் இருப்பது 16 கிலோபைட் டி.டி.சி.எம் என்ற சிறிய வேக நினைவகத்தில், அதில் பெரிய அரே வைக்க இடம் கிடையாது. ‘மொத்தம்’ என்று ஒரு எண்ணியை 0இல் தொடங்கி, லூப்புக்குள் பஃபரின் ‘மொத்தம்’ ஆவது இடத்திலிருந்து, 8191 கழித்தல் மொத்தம் அளவுக்கு ரிசீவ் கேளுங்கள். நேர் எண் வந்தால் மொத்தத்தோடு கூட்டுங்கள். 0 வந்தால் சேர்வர் மூடிவிட்டது, பதில் முடிந்தது. எதிர் எண் வந்தால் பிழை, லூப்பைவிட்டு வெளியேறுங்கள். கைக்குக் கை மாறும் மாதிரிக் கோட்டில் ‘0 வரும்வரை சுற்று’ என்று மட்டும் இருக்கும். இணைப்பு அறுந்து -1 வரத் தொடங்கினால் அது கரண்ட் தீரும்வரை சுற்றும். பஃபர் நிறைந்ததா என்றும் பாருங்கள், ஏனென்றால் 0 பைட் கேட்டால் 0தான் கிடைக்கும், பதில் முடிந்ததென்று ஏமாந்துவிடுவீர்கள். 8192இல் ஒன்றைக் குறைத்தது கடைசியில், சரத்தின் முடிவைக் காட்டும் சுழியம் வைக்க. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் தேடலும் பிரித்தலும்.

பதில் எங்கே முடிகிறது என்ற தொல்லையைக் குறைக்க இணையக் கோரிக்கை நெறிமுறையான எச்.டி.டி.பியில் 1.0 பதிப்பு என்றே கேளுங்கள். 1.1 என்று கேட்டால் சேர்வர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும், கடைசி ரிசீவ் தொங்கும். பதிலைத் துண்டு துண்டாக அனுப்பும் சங்க்ட் முறையில் வந்தால் உடலுக்கு நடுவே அளவு எண்கள் வேறு முளைக்கும். 1.0 கேட்டாலும் எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் வரியை விடாதீர்கள். ஒரே ஐ.பி முகவரியில் பல தளங்கள் குடியிருக்கின்றன.

வந்த பதிலை நேரே பிரிண்ட்எஃப்புக்குக் கொடுப்பது

பிரிண்ட்எஃப் திரையில் எழுதும் ஃபங்ஷன். பதிலில் உள்ள சதவீதக் குறியை அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். முதலில் ‘%s’ கொடுத்து, பதிலை இரண்டாவதாகக் கொடுங்கள். தமிழ்ச் சொல்லை முகவரியில் வைப்பவர்களுக்கு இன்னொன்று: ‘கிளிநொச்சி’ 30 பைட், சதவீதக் குறியீட்டில் (ஒரு பைட்டுக்கு ‘%E0’ போல மூன்று எழுத்து) 90 எழுத்து. 64 பைட் பஃபரில் அடங்காது.

எச்.டி.டி.பி.எஸ்

எச்.டி.டி.பியின் பூட்டுப் போட்ட வடிவம் இது, டி.எஸ் லைட்டில் வேண்டாம். 4 மெகாபைட் நினைவகமும் 67 மெகாஹேர்ட்ஸும்தான் கையில். லப்டொப்பில் ஒரு இடைச் சேர்வர் வெளியே பூட்டோடு பேசட்டும், உள்ளே வெறும் எச்.டி.டி.பியில் கொடுக்கட்டும்.

பிரதான லூப்புக்குள் கோரிக்கை

பிரதான லூப் ஓயாமல் சுற்றும், அதற்குள் வைத்த கோரிக்கையும் ஓயாமல் போகும். ஒரு கோரிக்கைக்கு 200 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் மணித்தியாலத்துக்கு 18,000 கோரிக்கை. ஒவ்வொன்றும் 5 கிலோபைட் என்றால் 90 மெகாபைட் டேட்டா. அதற்கு முன்னமே சேர்வர் 429 (அளவுக்கு மீறிய கோரிக்கை) என்று கதவைச் சாத்திவிடும். பட்டனை அழுத்தினால் மட்டும் கேட்கட்டும், அல்லது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

சொக்கெட்டை (சேர்வரோடு பேசத் திறந்த இணைப்பு) மூடாமல் விடுவது

மூடுங்கள்.

வீட்டு லப்டொப் சேர்வரை நண்பர் வீட்டிலிருந்து தேடுவது

4ஜி சிம் இணைப்பில் பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐ.பி. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டர்வரை வராது. லப்டொப்பையும் கொன்சோலையும் ஒரே ரவுட்டரில் வைத்துச் சோதியுங்கள். வெளியே காட்டத்தான் வேண்டுமென்றால், எச்.டி.டி.பி.எஸ்ஸுக்குத் திருப்பிவிடாத இணைய ஹோஸ்டிங் ஒன்றில் கோப்பைப் போடுங்கள். 301 என்று பதில் வந்தால் அது திருப்பிவிடுகிறது, வேறிடம் பாருங்கள்.