பழைய கேலன் கணக்கை 16 லிட்டர் பம்புக்கு மாற்றுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்) எழுதிவைத்த பழைய பயிர் மருந்து நோட்டைப் பிரித்தால் கேலன், பைண்ட், அவுன்ஸ்தான் இருக்கும். முதுகில் மாட்டும் பம்போ 16 லிட்டர். மனத்தில் வைக்க வேண்டியது ஒரே கணக்கு: நோட்டில் 'கேலனுக்கு 1 அவுன்ஸ்' என்றிருந்தால் பம்புக்கு 100 மிலி. 2 அவுன்ஸுக்கு 200.

பிரிட்டன் 1824இல் சட்டமாக்கிய இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். அதில் 4 குவார்ட், அதாவது 8 பைண்ட், 160 திரவ அவுன்ஸ். 160இல் ஒரு பங்கு என்றால் லிட்டருக்கு 6.25 மிலி, 16 லிட்டருக்குச் சரியாக 100. கந்தாங், சுப்பாக் என்ற பழைய மலாய் முகத்தல் அளவுகளில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல: கந்தாங் ஒரு கேலன், சுப்பாக் ஒரு குவார்ட்.

பம்பில் பாதி தண்ணீர் ஊற்றி, மருந்தை அளந்து விட்டு, பிறகு 16 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள். அளக்க மிலி கோடு போட்ட குவளைதான் சரி. கரண்டி, மூடிக் கணக்கெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது அமெரிக்கக் கேலனால். அது 3.785 லிட்டர்தான். அவுன்ஸில் வித்தியாசம் 4 விழுக்காடுதான், பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பிரிட்டிஷ் அளவு மருந்தை அமெரிக்கக் கேலன் தோம்பில் (கலக்கும் கலத்தில்) கலந்தால் கலவை 20 விழுக்காடு கடுமையாகிவிடும்; பயிரின் இலை கருகலாம். அமெரிக்கக் குறிப்பு என்றால் கேலனுக்கு 1 அவுன்ஸ், 16 லிட்டருக்கு 125 மிலி.

கையில் இருக்கும் தோம்பு எந்தக் கேலன் என்று தெரியாவிட்டால், காலியாகத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, கேலன் கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 4.5 கிலோவைத் தாண்டினால் இம்பீரியல், 3.8 பக்கம் நின்றால் அமெரிக்கன். தண்ணீரில் மட்டும் செய்யுங்கள், எண்ணெய் எடை குறைவு.

தூள் மருந்துக்கு எழுதிய அவுன்ஸ் வேறு. அது எடை, 28.35 கிராம், குவளையில் அளக்கக் கூடாது. 16 லிட்டர் பம்புக்குக் கேலனுக்கு 1 அவுன்ஸ் தூள் என்றால் தராசில் 100 கிராம்.

இந்தக் கணக்கு அளவை மாற்றத்தான். எவ்வளவு அடிக்கலாம் என்பதை இன்றைய லேபிள்தான் சொல்ல வேண்டும். நோட்டில் பராகுவாட் என்ற களைக்கொல்லி இருந்தால் மாற்றிப் பார்க்கவே வேண்டாம், மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.