தரவுத்தளம் கற்க மடிக்கணினியில் எந்த இயங்குதளம்?

விண்டோஸா, லினக்ஸா என்று முடிவு செய்வதற்கு முன், தரவுத்தளத்தில் எதைக் கற்கப்போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அட்டவணைகளை உருவாக்குவதும் தரவைக் கேட்டுப் பெற உதவும் எஸ்க்யூஎல் மொழியில் வினவல்களை எழுதிப் பழகுவதும் மட்டுமே நோக்கமென்றால், மடிக்கணினியில் ஏற்கெனவே உள்ள விண்டோஸே போதும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய மூன்று தரவுத்தள மென்பொருள்களையும் அதில் நேரடியாக நிறுவலாம். மேக் கணினியில் முதலிரண்டையும் அவ்வாறே நிறுவலாம்.

நிறுவுதல், காப்புநகல் எடுத்தல், பழுதானதை மீட்டல் என நிர்வாகப் பணிகளையும் கற்க விரும்புவோர் லினக்ஸைப் பழகியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலைக்குச் செல்லும் இடத்தில் தரவுத்தளத்தைத் தாங்கும் சர்வர் கணினி பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடும்; மைக்ரோசாஃப்ட்கூட 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் சர்வரை லினக்ஸுக்கும் வழங்குகிறது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உள்ள வேறுபாடு சிறிய இடங்களிலும் தலைகாட்டும். மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணையின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி உருவாக்கிவிட்டு, வினவலில் சிறிய எழுத்தில் எழுதினால், விண்டோஸில் விடை வரும். அதே வினவலை லினக்ஸில் இயக்கினால், இயல்பான அமைப்பில், அப்படியோர் அட்டவணையே இல்லையென்று 1146ஆம் எண் பிழை வரும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு; எந்த லினக்ஸ் என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கட்டும். ஆரக்கிள் தரவுத்தளத்தைக் கற்போர் ஆரக்கிள் லினக்ஸையே தேர்ந்தெடுப்பது நல்லது. அது இலவசம்; உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஆரக்கிளின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால், அதில் நிறுவ முயல்வோர் பாடத்தைவிட நிறுவலுக்கே அதிக நாள்களைச் செலவிட நேரும். பழைய வழிகாட்டிகள் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகையைப் பரிந்துரைக்கும். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டதால் தவிர்த்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸுக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏற்றது.

இதற்காக விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷனை (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்க உதவும் வசதி) இயக்கி, அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் லினக்ஸை அமைத்துக்கொள்ளலாம். மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் அதில் 4 ஜிபியை ஒதுக்குங்கள். 16 ஜிபி இருந்தால் தாராளமாக இருக்கும். ஆரக்கிள் தரவுத்தளத்தின் இலவசப் பதிப்பு 2 ஜிபி நினைவகத்துக்கும் 12 ஜிபி தரவுக்கும் மேல் பயன்படுத்தாது என்பதால், கற்பதற்கு இந்த அளவு போதும்.

இந்த ஏற்பாட்டின் பெரும்பயன், மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி. தரவுத்தளத்துக்குக் காப்புநகல் எடுத்து, தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, மெய்நிகர் கணினியை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தரவுக்கோப்பு ஒன்றை வேண்டுமென்றே அழித்து, தரவுத்தளத்தைத் தொடங்கிப் பாருங்கள். வரும் பிழைச்செய்தியை நிதானமாகப் படித்து, காப்புநகலிலிருந்து மீட்க முயலுங்கள். மீட்பு கைகூடாவிட்டால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, அதே கோப்பை மறுபடியும் அழித்து, முதலிலிருந்து தொடங்கலாம்.