கண்ணாடி சீரம் பாட்டிலை பபிள் ரேப் இல்லாமல் அனுப்ப

சீரம், ஃபேஸ் ஆயில் போன்ற கண்ணாடி பாட்டில்களை கூரியரில் அனுப்ப பபிள் ரேப்தான் வேண்டும் என்றில்லை. தேன்கூடு காகிதமே (வரிசையாகக் கீறல் போட்ட தாள், இழுத்தால் தேன்கூடு போல அறைகளாக விரியும்) போதும், ஆனால் அதை நன்றாக இழுத்து, அறைகள் விரிந்து நிமிர்ந்த பிறகு சுற்ற வேண்டும், விரிக்காமல் சுற்றினால் அது வெறும் தாள்தான், அடி தாங்காது. டிராப்பர் பாட்டில் என்றால் கழுத்துக்கு இன்னொரு சுற்று கொடுங்கள். இரண்டு பாட்டில் ஒரே பெட்டியில் போகிறதா, நடுவில் நெளி அட்டைத் தடுப்பு கண்டிப்பாக வேண்டும், கண்ணாடியோடு கண்ணாடி உரசவே கூடாது. ஆறு பக்கமும் சுமார் 5 செ.மீ. இடம் விட்டு, கசக்கிய காகிதத்தை இறுக்கமாக அடையுங்கள். மூடிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே ஏதாவது நகர்ந்தால் இன்னும் அடைக்க வேண்டும். அப்புறம், ஒட்டுவதும் காகித டேப்பாகவே இருக்கட்டும், வாங்குபவர் எதையும் உரித்துப் பிரிக்காமல் பெட்டியை அப்படியே மறுசுழற்சிக்குப் போடலாம்.